பதினொன்றாவது வீடு

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பி பிளாக்.
பினாங்கு மழை விட்டும் விடாத டிசம்பர், இரவு ஒன்பதரை.
ஒரு கிதார், ஒரு தபேலா, பஞ்சுத்தாடி ஒட்டிய பையன்,
பட்டியலில் பத்தொன்பது வீடு.
வாசலில் சொல்லும் முதல் வார்த்தையை
வீட்டுக்கு ஓர் ஆளாய்ச் சொல்லிக்கொண்டு வந்தோம்.
பதினொன்றாவது வீடு என் முறை.
பதினொன்றாவது வீடு நவரத்தினத்தின் வீடு.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.
போதகர் ஆசீர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும்.
ஆயர் ஹீத்தாம் போலீஸ் நிலையத்தில்
சார்ஜன் சொன்னார்: "சமாதானமாப் போயிடுங்கம்மா."
விலை மூவாயிரம் ரிங்கிட், இரண்டு தவணை.
இரண்டாவது தவணை வரவில்லை.
மழை, பிரேக், வளைவில் வெளிச்சமில்லை என்று
நவரத்தினம் அடுக்கிக்கொண்டே போனதற்கும்
தமிழில் அதே பெயர்தான்: சமாதானம் சொல்வது.
அழுகிற பிள்ளையின் வாயை மிட்டாயால் அடைப்பதற்கும்
அதே பெயர்.
இத்தனை கை பட்டுத் தேய்ந்த காசை
எந்த முகத்தோடு ஒரு வாசலில் நீட்டுவது?

ஆனாலும்
பூட்டிய அறைக்குள் வந்து நின்றவர்
இதைத்தான் முதலில் சொன்னாராம்,
தன்னை விட்டுவிட்டு ஓடியவர்களிடம்.
ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை.
சொன்ன கையோடு கையை விரித்துக் காட்டினார்,
ஆணி போன இடத்தை.
அதை மறைத்துக்கொண்டு சொல்லியிருந்தால்
அதுவும் சார்ஜன் சொன்னது போலத்தான்
இருந்திருக்கும்.

காட்ட எனக்கு என்ன இருக்கிறது?
காயம்கூட என்னுடையதில்லை, எட்வினுடையது.
முழங்காலுக்குக் கீழே தகடு, எட்டுத் திருகாணி,
பாயான் லெப்பாஸில் இல்லாமல்போன வேலை.

இரும்புக் கிரில்லைப் பிடித்துக்கொண்டேன். ஈரம்.
"இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்றேன்.
குரல் சளி பிடித்ததுபோல் வந்தது.
உள்ளே டிவி நின்றது.
ஒரு பிள்ளை "அப்பா" என்றது, பாதியில்.
கதவுக்கடியில் கிடந்த வெளிச்சக் கோடு அணைந்தது.

கிதார்காரன் ஒரு தந்தியைத் தொட்டுவிட்டு
உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.
"ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லையென்றால்
அது நம்மிடமே திரும்பி வந்துவிடும், சிஸ்டர்."
போதகர் சொல்வது வேதத்தில் உள்ளதுதான்.

மற்ற எட்டு வீட்டுக்கு நான் போகவில்லை.

லிஃப்ட் அந்த மாடியில் நிற்காது. படியிறங்கினேன்.
இருந்தால்தானே கொடுத்ததாக ஆகும்.
என்னிடம் இல்லாததை நீட்டினேன்.
இல்லாதது எந்த வழியாகத் திரும்பி வரும்?
ஏழாவது மாடியில் யாரோ பெலாச்சான் வறுக்கிறார்கள்.
ஐந்தில், உலரப்போட்ட பள்ளிச் சீருடை
சொட்டிக்கொண்டிருக்கிறது.
பை எதுவும் இல்லாமலே
கை கனத்தது.

எட்வின் காலை நாற்காலியில் நீட்டி
எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை வீடு?"
"பதினொண்ணு."
"அவன் வீட்டுக்குமா?"
ஒரு செருப்பைக் கழற்றியிருந்தேன்.
"ஆமா."
தேய்த்த கை நின்றது.
"தொறந்தானா?"
"இல்ல."
"நீ என்ன சொன்ன?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது,
ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.
"இந்த வீட்டுக்குச் சமாதானம்னு."

அவர் காலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எந்த வீட்டுக்கு?" என்றார்.